ஒற்றைக் கல் எல்லையாகாது

புல் அறுவடை தொடங்கிய காலையில் குன்வோர் நீள அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் புல்வெளிக்குப் போனாள். பாதி வெளி ஏற்கெனவே மொட்டையாகக் கிடந்தது. பக்கத்துப் பண்ணை ஹாஸ்தேன் வியர்வையைத் துடைத்தபடி நின்றான்.

“யோவ், யாரு புல்லை யாரு அறுக்கிறது?”

“என் புல்லைத்தான். அதோ நிக்குது பாரு எல்லைக்கல்லு.” வெளியின் நடுவே ஆளுயரத்துக்கு நின்ற பாறையைக் காட்டினான்.

“அது என் பசு முதுகு சொறியிற கல்லுய்யா!”

விவகாரம் ஊர் மன்றத்துக்குப் போனது. வாய்ச்சண்டையில் விட்டுக்கொடுக்காதவள்தான் என்றாலும் குன்வோருக்கு உள்ளூரப் பயம். கணவன் போய் இரண்டு வருடம். இந்தப் புல்லும் போனால், பனிக்காலத்துக்கு முன்பே மூன்று பசுக்களில் ஒன்றை வெட்டியாக வேண்டும்.

சட்டம் ஓதும் ஹால்வர் மன்றத்தார் பன்னிரண்டு பேரோடு வந்து சேர்ந்தார். அந்த உப்லாந்து வட்டாரத்துச் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பாறையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஒத்தைக் கல்லு வெறும் கல்லுதாம்ப்பா. சுத்தி நாலு, நடுவுல ஒண்ணு, அஞ்சும் சேர்ந்தாத்தான் ‘ரோர்’. அதைத்தான் எல்லைன்னு சொல்லலாம்.”

“எவ்வளவு பெரிய கல்லு பாருங்கய்யா!” என்றான் ஹாஸ்தேன்.

“பெருசா இருக்குன்னு அஞ்சா எண்ணச் சொல்றியா?”

ஆற்றங்கரையில் அப்படி ஐந்து கல்லோடு இருந்த ரோர் பற்றி இருவருக்கும் தகராறு இல்லை. அதன் அருகே ஒரு தட்டைக் கல் நட்டிருந்தது. அடுத்த ரோர் இருக்கும் திசையைக் காட்டுவது அதன் வேலை. அது காட்டிய பக்கம் கூட்டம் நேராக நடந்தது. ஹாஸ்தேன் அறுத்த இடம் முழுவதையும் குன்வோர் பக்கம் விட்டுப் புல்வெளியைத் தாண்டியது. ஹாஸ்தேனின் முட்டைக்கோசுப் பாத்தியையும் மிதித்துத் தாண்டியது. அவன் முகம் வெளுத்தது. போன வருடம் அவன் ஆசை ஆசையாகக் கட்டிய ஆவிக் குளியல் குடிலின் சுவரில் போய்க் கூட்டம் முட்டியது.

பின்பக்கப் புதரை விலக்கினார்கள். பாசிக்கடியில் நாலு கல், நடுவில் ஒன்று. குன்வோர் இரண்டு முறை எண்ணினாள். அப்படியென்றால் எல்லைக்கோடு குடிலின் நடுவாகப் போகிறது. பிறகு குடிலுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“அடுப்பு என் பக்கம் வருது. பெஞ்சும் வாளியும் உனக்கு.”

பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹாஸ்தேன் கோசுப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இடிக்கச் சொல்லிடாத, குன்வோர். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“இடிப்பாங்களா யாராவது? அறுத்த புல்லைக் காயவச்சு என் கொட்டகையில ஏத்திடு. சனிக்கிழமை முதல் குளியல் எனக்கு. விறகும் நீயே பொளந்துடு.”

அவன் கை நீட்டினான். அவள் குலுக்கினாள், ஹால்வர் சாட்சி.

அந்தச் சனிக்கிழமை குன்வோர் வேண்டுமென்றே நெடுநேரம் குளித்தாள். வெளியே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஹாஸ்தேன் கதவைத் தட்டத் தட்ட, உள்ளேயிருந்து ஆவியும் பாட்டும்தான் வந்தன.