ஒரு ராத்திரித் துரு

அந்த அம்பாசிடர் செங்கல்பட்டில் ஒரு வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி. கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வைத்திருக்கும் ஹரிஹரன் சார் அதை வாங்கி, பழையபடி ஓட வைக்கச் சொல்லி நெம்மேலியில் எங்கள் ஷெட்டில் விட்டார். ஷெட் ராஜாராம் அண்ணனுடையது. போல்ட்டுக் கழற்றுவது நான். வெல்டிங் என் மனைவியின் தம்பி ஜெரோம்.

என்ஜின் ஹெட்டில் புகைக்குழாயைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளும் துருவேறி இரும்போடு இரும்பாக ஒன்றிப்போயிருந்தன. ஒன்று முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டாலும் ஹெட்டு வீண். இந்த வண்டிக்கு அதே மாதிரி வேறு ஹெட்டு தேடினாலும் கிடைக்காது. ஒரு போல்ட்டு முறிந்தாலும் மறுநாளிலிருந்து நான் ஷெட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று ராஜாராம் முதல் நாளே சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் என்னை வேறு எந்த ஷெட்டில் சேர்ப்பார்கள்?

அவசரப்படாமல் செய்தேன். காலையும் மாலையும் டீசல் விட்டேன். காஸில் சூடு காட்டி, அந்தச் சூட்டிலேயே மெழுகுவத்தியை மரையோரம் உருக விட்டேன். ஸ்பேனரை மாட்டினால் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகுதான் கழற்றுகிற பக்கம். கைக்குத் திடீரென்று இளகின மாதிரி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். போல்ட்டு சுற்றவில்லை, முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். ஐந்து நாளில் இரண்டுதான் வந்தன.

ஹரிஹரன் சாருக்கு அது பொறுக்கவில்லை. நாள் கூலி என்பதால் வேலையை இழுக்கிறேன் என்று ராஜாராமிடம் சொல்லியிருக்கிறார். போனில் பார்த்த வீடியோவில் ஒருவன் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி ஒரே மூச்சில் கழற்றிவிட்டானாம்.

திங்கட்கிழமை காலை நான் போகும்போதே அவருடைய கார் ஷெட் வாசலில் நின்றது. சனிக்கிழமை தவிர வராத மனிதர். வணக்கம் வைத்தேன். பதிலுக்குப் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். இன்னும் அழுத்தம் கூடக் கொடுக்கவில்லை. போல்ட்டுத் தலை கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

“உடைச்சிட்டியே ஏசுதாஸ்” என்றார். குரலில் அதிர்ச்சியே இல்லை.

ராஜாராம் ஓடிவந்து குனிந்து பார்த்தார். நான் கையில் விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமெல்லாம் கிரீஸ். இந்த வேலையில் நான் கிரீஸைத் தொடுவதே இல்லை. யாரோ முறித்துவிட்டு, கிரீஸை அப்பித் தலையைத் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டிக் கிடக்கும். சாவி ஜெரோமிடம். போன மாதம் அவன் வைத்த வெல்டு விட்டுப்போனதை ராஜாராமிடம் சொன்னவன் நான்தான். அன்றிலிருந்து அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் புத்தி நேராக அவன் மேல்தான் போனது. நேற்று ஷெட்டைத் திறந்தது யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“சார்தான் சாவி வாங்கினு போனாரு, போட்டோ எடுக்கணும்னு. இன்னும் திருப்பிக் குடுக்கல. ஏன், இன்னா இப்போ?” என்றான் ஜெரோம்.

போட்டோதான் எடுத்தேன் என்றார் ஹரிஹரன் சார். வேலையில் தப்புப் பண்ணிவிட்டு வண்டிக்காரர் மேல் பழி போடாதே என்று ராஜாராம் என்னை அடக்கினார்.

கழித்துப்போட்ட போல்ட்டு ஒன்றை வைஸில் கடிக்க வைத்து, சுத்தியலால் அடித்து முறித்தேன். முறிந்த இடம் வெள்ளி மாதிரி பளிச்சென்று இருந்தது. அதையும் உள்ளங்கையில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ராஜாராமிடம் நீட்டினேன். ஒன்று வெள்ளை. ஒன்று மஞ்சள் பூத்தது.

அது பழைய வெடிப்பாக இருக்கும், ஏற்கெனவே உள்ளே துரு பிடித்திருக்கும் என்றார் ஹரிஹரன் சார்.

“பழைய வெடிப்புன்னா கருத்துப் போயிருக்கும் சார். தேச்சாலும் போவாது.” கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினேன். மஞ்சள் விரலில் வந்தது, அடியில் வெள்ளை தெரிந்தது. “இங்க கடல் காத்து. ஒரு ராத்திரி தொறந்து கெடந்தா இப்டித்தான் பூக்கும். நேத்து ஒடச்சது இது. தலைய ஒட்ட வெச்சது இன்னிக்குக் காலைல.”

ராஜாராம் என் விரலைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

“ஒரு தடவ சும்மா திருப்பிப் பார்த்தேன். வந்துடும்னு நினைச்சேன்” என்றார் ஹரிஹரன் சார்.

ராஜாராம் சாவிக்குக் கையை நீட்டினார். சார் கொடுத்தார். “முறிஞ்சத வெளிய எட்றா” என்று மட்டும் ராஜாராம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற மூன்றும் வருவதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. புகைக்குழாயை இழுத்ததும் முறிந்த துண்டு அரை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டோடு சேர்த்து வெல்டு வைத்தால் ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும். ஜெரோம் முகமூடியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“மாமா, நான்தான்னு நெனச்சிகினு தானே கேட்ட?”

“ஆமா மச்சான்.”

“நட்ட நேரா புடி.”

குறட்டால் பிடித்தேன். பொறி பறந்தது. சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, மெழுகு தொட்டு, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை கொடுத்துவிட்டுத் திருப்பினேன். கிரீச்சென்றது. கால் சுற்று. அரைச் சுற்று. முழுசாக வெளியே வந்துவிட்டது. ஹெட்டில் மரை ஒன்றும் கெடவில்லை.

அதைக் காட்டத் திரும்பினேன். ஜெரோம் முகமூடியை மேசையில் வைத்துவிட்டு, தனியாக டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தான்.