ஒரு முகத்துக்கு ஒரு வருகை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசித்ரா சொன்னது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். "பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

2

'அந்தச் செயலி கல்லூரிக்கு வந்த அன்று மழை...' இல்லை, மழையெல்லாம் பெய்யவில்லை. நேராகவே சொல்கிறேன்.

ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டு ஒரு செயலியைக் கொடுத்தார்கள். போனைத் தூக்கி வகுப்பைப் படம் பிடித்தால், முகங்களை அதுவே அடையாளம் கண்டு வருகை போட்டுவிடும். ஆர்த்தியும் சண்முகப்பிரியாவும் ஜெயசித்ராவின் மாணவிகள்; அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. ஜூலையில் சண்முகப்பிரியா கல்யாணமாகி அரும்பாவூர் போனாள். அப்புறம் வகுப்புக்கு வரவேயில்லை.

செயலியைக் கேட்டால் தினமும் வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆர்த்திதான் வரவில்லை.

(மாதக்கணக்கில் இதைக் கவனிக்காத ஒரு ஆசிரியரா? எனக்கும் சந்தேகம் வந்தது, கேட்டேன். "அறுபத்திரண்டு பேருங்க. பச்சை டிக் வந்துச்சுன்னா பாடத்தை ஆரம்பிச்சுடுவேன்." அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.)

3

நவம்பரில் ஹால் டிக்கெட் வந்தது. வருகை போதவில்லை என்று ஆர்த்திக்கு இல்லை.

சண்முகப்பிரியா போன் செய்தாள். "மேடம், எனக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கு! வந்தா பரீட்சைக்கு அனுப்புறோம்னு வூட்ல சொல்லியிருந்தாங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியல. நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க."

ஜெயசித்ரா ஆபீஸுக்கு ஓடினார். செயலியைக் கவனிக்கும் தமிழரசன் திரையில் சண்முகப்பிரியாவின் பெயரைக் காட்டினார்.

"வருகையை இவங்ககிட்டேருந்து அவங்களுக்கு மாத்தலாம் மேடம். மாத்தினா இவங்க ஹால் டிக்கெட் தானா ரத்தாயிடும்."

"ரெண்டு பேருக்கும் போட முடியாதா?"

"ஒரு மூஞ்சிக்கு ஒரு வருகைதான். அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க."

4

இங்கே ஆர்த்தியை எழுதுவதில்தான் தடுமாறினேன். 'அவ எழுதட்டும் மேடம், நான் அடுத்த தடவை பார்த்துக்கிறேன்' என்று அவளைச் சொல்ல வைத்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அடித்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆபீஸ் வாசலில் நின்று அழுதுகொண்டே கேட்டது இது:

"அவ வரவே இல்லையே மேடம். நான்தானே வந்தேன்?"

அதற்கு மறுபேச்சு ஏது? நியாயம் எந்தப் பக்கம் என்பதில் ஜெயசித்ராவுக்குக் குழப்பமே இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல வாய் மட்டும் ஏன் வரவில்லை என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கும்தான்.

நாலு ஐம்பதுக்கு, "மாத்திடுங்க" என்றார்.

5

முடிவு ஒன்று: ஆர்த்தி தேர்வு எழுதினாள். (உண்மை. ஆனால் அது முடிவு இல்லை.)

முடிவு இரண்டு: சண்முகப்பிரியாவின் வீட்டுக்காரர் மனமிரங்கி... (எனக்கே நம்பிக்கையில்லை.)

நடந்தது இவ்வளவுதான். ஐந்தே காலுக்குப் போன் அடித்தது.

"மேடம், காலையில இருந்த ஹால் டிக்கெட்டு இப்பக் காணோம். போன்ல ஏதோ கோளாறுபோல. நீங்க பார்த்துக் குடுத்துடுவீங்கல்ல? எங்க மாமியார்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

ஜெயசித்ரா என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எழுதிப் பார்த்த பதில்கள் எல்லாமே பொய்யாக வந்தன. நீங்களே சொல்லிவிடுங்கள். சண்முகப்பிரியா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.