அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்கா வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. இப்படிப்பட்ட இரண்டு பேரைப் பதினொரு வருடம் ஒரே வேலையில் கட்டிப்போட்டது எங்கள் ஆவணப்பட விழா.

விழா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நூலக மாடியில் எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை, வருடத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவ்வளவுதான். எங்கள் பகுதிக்காரர்களைப் பற்றி எங்கள் பகுதிக்காரர்களே எடுத்த படங்கள். எதுவும் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யாரைப் பற்றிய படமோ அவருக்கு முதல் வரிசையில் இடம். படம் முடிந்ததும் ஒரு பிரதியை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிடுவோம். நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், மாலையில் இந்தப் படங்களை வெட்டி ஒட்டுபவள். மாமா ஃபிரிட்ஜ் மெக்கானிக். விழாவுக்கு ஒலிப்பதிவு அவர்தான்.

எந்த வீட்டில் படம் பிடித்தாலும் மாமா முதலில் அந்த வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்துவார். அதன் உறுமல் மைக்கில் விழுமாம். திரும்பப் போட மறந்துவிடக் கூடாதே என்று தன் ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார். எல்லாம் எடுத்து முடித்து மற்றவர்கள் ஒயரைச் சுருட்டப் போகும்போது கையை உயர்த்துவார். "அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க." எல்லோரும் நின்றது நின்றபடி நிற்க வேண்டும். அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்வார். பிறகு, "ம், பேசலாம்." பேச்சை நான் வெட்டுகிற இடங்களில் காது அடைத்ததுபோல் ஆகிவிடாமலிருக்க அந்தச் சத்தத்தைத்தான் அடியில் போட்டு நிரப்ப வேண்டும். எங்கள் பகுதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அரைநிமிஷம்' என்றால்தான் தெரியும்.

எனக்கு அது எரிச்சல். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது எல்லோரையும் சிலையாக நிற்க வைக்கிறாரே மனுஷன்! அவர் குரலை நறுக்கி எறிந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். விழா முடிந்த மறுநாள், இடத்தை அடைக்கிறது என்று படத்தில் சேராத அத்தனையையும் அழித்துவிடுவேன். வருடா வருடம், சுத்தமாக. அதில் எனக்குப் பெருமை வேறு.

மாமா ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, இந்த வருட விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், அக்கா என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

"அவர் குரல் உன்கிட்ட இருக்குமில்ல?"

"உன் போன்லயே இருக்குமேக்கா."

"எங்க? நான் நாலு பக்கம் எழுதினா, பதிலுக்கு 'ம்'னு ஒத்த எழுத்து அனுப்புவார். போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் மறந்துடுமோன்னு பயமா இருக்குடி."

"தேடிப் பாக்கறேன்க்கா" என்று சொல்லி அனுப்பினேன். தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து நாள் உட்கார்ந்து பதினொரு வருடப் படங்களையும் போட்டுக் கேட்டேன். பேக்கரிக்காரர் வீடு, பஸ் டிரைவர் வீடு, நர்ஸம்மா வீடு என்று அவர் அமைதியாக்கிக் கொடுத்த அறைகள் எல்லாம் இருந்தன. அவர் இல்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆறாம் நாள், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தையல்காரர் ஞாபகம் வந்தது. ஆறாவது வருட விழாவுக்கு அவரைப் பற்றிய படம். அவசரத்தில் ஒரு துண்டை வெட்டாமல் விட்டுவிட்டேன். படத்தின் நடுவே மாமாவின் குரல், அதன் பின்னால், மூக்கு அரித்தும் சொறியப் பயந்து உம்மென்று உட்கார்ந்திருக்கும் தையல்காரர், அரை நிமிடம் முழுக்க. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. என் மானம் கப்பலேறியது. அத்தனை பேர் முன்னாலும் மாமாவைப் பார்த்துக் கத்தினேன். தப்பு என்னுடையது, திட்டு அவருக்கு.

"விடும்மா. இன்னைக்குத்தான் என் வேலையும் திரையில வந்திருக்கு" என்று சிரித்தார் அவர்.

மறுநாளே திருத்திய பிரதியைத் தையல்காரரிடம் கொடுத்து, பழையதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இப்போது அவர் வீட்டுக்கு ஓடினேன். தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பழைய டிவிடி?"

"நீங்க எறியச் சொன்னதா?"

"ஆமாண்ணே. எறிஞ்சுட்டீங்களா?"

"திருத்திக் குடுத்தீங்களே, அதத்தான் எங்க போட்டேன்னு தெரியல" என்றபடி நூற்கண்டுப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். "இதுல நான் முழிக்கறத பாத்தாதான் என் வீட்டம்மா சிரிப்பாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போட்டுப் பாப்போம்."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். டிவிடியை மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா, அவர் குரல் எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன். வருஷா வருஷம். இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் நான் எறியத்தான் சொன்னேன்."

அக்கா டிவிடியைக் குனிந்து பார்த்தாள்.

"குப்பைன்னு நெனச்சியா?"

"ஆமாக்கா."

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் டிவிடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "தனியாக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. விழாவுல போடு. எல்லாரோடயும் சேர்ந்து கேக்கறேன்."

விழாவன்று எண்பது நாற்காலியும் நிறைந்து, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். இந்த வருடப் படங்கள் நான்கும் முடிந்த பிறகு, எதுவும் அறிவிக்காமல் அந்தத் துண்டைப் போட்டேன். திரையில் ஆறு வருடம் இளைய தையல்காரர். முதல் வரிசையில், அவர் பக்கத்தில், அக்கா.

"ஃபிரிட்ஜ நிறுத்தியாச்சு. சாவி உள்ள இருக்கு, யாராவது ஞாபகப்படுத்துங்க. ம், அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பேச்சு, இருமல், நாற்காலி நகர்த்தும் சத்தம் எல்லாம் சட்டென்று நின்றன. பதினொரு வருடப் பழக்கம், அவர் சொன்னால் நிற்பார்கள். தையல்காரர் வீட்டின் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. மைக்குக்கு மிக அருகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அதை நான் கவனித்ததே இல்லை.

துண்டு முடிந்தது. திரை வெறும் வெள்ளையானது. 'ம், பேசலாம்' அதில் இல்லை. அன்றைக்கு அதை மட்டும் ஒழுங்காக வெட்டியிருந்தேன்.

அவர் சொல்லாமல் யாரும் அசையவில்லை. விளக்கைப் போட எனக்குக் கை வரவில்லை. அரை நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. எண்பது பேரும் சுவரோரத்தில் நின்றவர்களும் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ம், பேசலாம்" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் விளக்கைப் போட்டேன்.