தலைகீழாய் மாட்டிய தோல்

மருத்துவக் கல்லூரியின் மாதிரிகள் அறையில், ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய மனிதத் தோல் ஒன்று கதவளவுக்குச் சுவரில் தொங்கியது. மேலே செத்த செல்களின் மெல்லிய படலம், அதையொட்டி நிறம் தரும் செல்கள், அப்புறம் வியர்வைச் சுரப்பியும் நரம்பும் முடிவேரும் புதைந்த தடித்த அடுக்கு, அடியில் மஞ்சள் கொழுப்பு. பெயர்ச்சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. பதினாறு வருஷமாகத் தூசி தட்டிவந்த அட்டெண்டர் அக்காவுக்கு அதில் ஒவ்வொரு சுரப்பியும் சொந்தக்காரர் மாதிரி பழக்கம்.

ஆய்வுக்குழு வருகிறதென்று அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். அடித்தவர்கள் தோலைக் கழற்றி, தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார்கள். அக்கா பதறிப்போய்த் துறைத்தலைவரிடம் ஓடினாள்.

“சார், தோலு தலைகீழா இருக்கு. முடியெல்லாம் தரையைப் பாத்து வளருது!”

“இருக்கிற டென்ஷன்ல நீ வேற. போம்மா, போய் ஜன்னலைத் துடை.”

குழு வந்தது. துறைத்தலைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உச்சியில் குச்சியை வைத்தார். “இதுதான் மேல்தோல். படர்தாமரை, சொரியாசிஸ் எல்லாம் குடியிருக்கிற இடம்.”

குச்சி இருந்தது கொழுப்பின்மேல். வந்திருந்த மூன்று நிபுணர்களும் பலமாகத் தலையாட்டினார்கள். மூத்தவர், “என்ன தத்ரூபம்!” என்று உருகி, படம் வேறு எடுத்துக்கொண்டார். அக்காவுக்குத்தான் உடம்பெல்லாம் அரித்தது.

அவர்கள் போனபிறகு தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“திருப்பி மாட்டிடலாமா சார்?”

“வாயை மூடு. அறிக்கையில போட்டோவே வரப்போகுது. இப்பத் திருப்பினா நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி.”

மறுவாரமே கீழே ஒரு பலகை முளைத்தது: ‘புதிய கோணம் – தோல், உடலுக்குள்ளிருந்து’. தலைவர் அதைப் பற்றிக் கருத்தரங்கில் பேசி, சால்வையும் வாங்கிவந்தார். பையன்கள் உச்சியில் இருப்பதே மேல்தோல் என்று நம்பி, பரீட்சையில் பொடுகு கொழுப்பில் உண்டாகிறது என்று எழுதினார்கள். திருத்தியவர் அவரே, எல்லாரும் பாஸ்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு விடுமுறையன்று எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூட்டிவந்து தோலை நேராக மாட்டினாள், பலகையையும் கழற்றினாள். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்களன்று வகுப்பில் தலைவர், தலைகீழ்த் தோலில் பாடம் நடத்திய பழக்கதோஷத்தில் அடியில் குச்சியை வைத்து, “மேல்தோல்” என்றார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“சார், அது கொழுப்பு மாதிரி இருக்கே?”

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். கூரை அதிரக் கத்தினார்.

“யாரும்மா அது, தோலைத் தலைகீழா மாட்டினது?”

கதவோரம் நின்ற அக்கா ஏணியை எடுத்துவரப் போனாள்.