பால்ராஜ் வீட்டுக் குருவிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்துக்குப் பிறகு, ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் பால்ராஜ் வீட்டில் பொரிந்த சிட்டுக்குருவி எதுவும் பறக்கவில்லை. அவற்றுக்கு நோய் ஒன்றும் இல்லை. நன்றாகத் தின்றன, கத்தின, சண்டை போட்டன, ஜோடி சேர்ந்தன. பறக்க மட்டும் செய்யவில்லை, நடந்தன. மற்ற சிட்டுக்குருவிகள் தத்தித் தத்திப் போகும். இவை கோழியைப் போலக் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தன. முதல் வருடம் குடியிருப்பே வந்து பார்த்தது. அடுத்த வருடம் ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்குக் காட்டினார்கள். அதற்கடுத்த வருடம், பால்ராஜ் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் கீழே பார்த்து நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

பால்ராஜ் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் வெல்டர். மனைவி வசந்தகுமாரி பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் நெல் விளைவித்த குடும்பத்துப் பெண். பிள்ளை இல்லை, அதைப் பற்றி இருவரும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். எழுபத்தொன்பதாம் வருடக் கோடையில், குஞ்சுக்கு இரை கொண்டுவந்த தாய்க்குருவி ஒன்று ஃபேனில் அடிபட்டு, வசந்தகுமாரி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்திலேயே வந்து விழுந்தது. அவள் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். அந்த வீட்டில் அதன்பிறகு ஃபேன் ஓடவில்லை. ஆவடி வெயிலில் மனுசன் எப்படி இருப்பது என்று பால்ராஜ் ஒருமுறை கேட்டார். அன்றிரவே கயிற்றுக்கட்டிலை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் குருவிகள் பறப்பதை விட்டபோது, பலகைத் துண்டுகளை இழைத்து, விரல் நீளப் படிகள் வைத்த ஏணிகள் செய்து, சாமி படத்துக்குப் பின்னாலும் மீட்டர் பெட்டிக்கு மேலேயும் இருந்த கூடுகளுக்கு அவற்றைச் சார்த்தியவரும் அவர்தான்.

தாட்சாயிணி அங்கே வந்தது எண்பத்தெட்டில். புரசைவாக்கத்துப் பெண். அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை சிட்டுக்குருவிகளைப் பிடித்து, அளந்து, இறக்கையடியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காலில் வண்ண வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குருவிக் கூட்டம் இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரிகிறது, பிரிந்தது எத்தனை தலைமுறையில் மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வாசலில் காலணியைக் கழற்றும்போதே ஒரு ஆண்குருவி அவளைத் தாண்டி உள்ளே நடந்து போனது. அன்று மாலைக்குள் அவள் அளந்துவிட்டாள். இறக்கை குட்டை, கால் நீளம், பறக்கும் தசை ஒட்டி நிற்கும் நெஞ்செலும்பு சப்பை. பூனையும் பாம்பும் இல்லாத தீவுகளில் பறவைகளுக்கு இப்படி ஆவது உண்டு. ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். இங்கே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட தீவில் ஆறே வருடத்தில் ஆகியிருந்தது. தெருப்பூனைகள் ஏனோ அந்த வாசலை மிதிப்பதில்லை, வெளிக்குருவிகளும் உள்ளே வருவதில்லை.

அவள் வாரந்தோறும் வரத் தொடங்கினாள். பால்ராஜ் அவளைத் தாயி என்றார், வசந்தகுமாரி பாப்பா என்றாள், சாப்பிடாமல் அனுப்பியதில்லை. ஒருநாள் தாட்சாயிணி தான் கண்டுபிடித்ததை எளிமையாகச் சொல்லப் பார்த்தாள். ஆபத்து இல்லாத இடத்தில், இரை தரையிலேயே கிடைக்கும் இடத்தில், இறக்கை வீண் சுமை; இறக்கை சிறுத்துப் பிறந்ததும் இங்கே பிழைத்துக்கொள்கிறது, அதன் பிள்ளையும் பிழைக்கிறது. வசந்தகுமாரி நொய்யைத் தூவியபடி கடைசிவரை கேட்டாள்.

"அப்போ நான் பாத்துகினதாலதான் இதுங்க ரெக்க பூடுச்சா, பாப்பா?"

அறிவியல் சொன்ன பதில், ஆமாம். தாட்சாயிணி அந்தக் கையைப் பார்த்தாள், காலைச் சுற்றி நின்ற குருவிகளைப் பார்த்தாள்.

"பயம் போயிடுச்சுக்கா. முதல்ல போனது அதுதான்" என்றாள்.

வசந்தகுமாரி அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பது மட்டும் பின்னால் பால்ராஜ் சொல்லித் தெரிந்தது.

தொண்ணூற்றிரண்டில் முட்டைகள் பொரிவது குறைந்தது. அடுத்த வருடம் பாதிக்கு மேல் கூமுட்டை. கல்லூரி ஆய்வகத்தில் அந்த வீட்டுக் குருவிகளின் ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தால், எதை எடுத்தாலும் ஒரே குருவியின் ரத்தம்போல அதே இடத்தில் கோடு விழுந்தது. அக்காவும் தம்பியும், மாமனும் மருமகளுமாக அவை தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததன் விளைவு. இன்னும் சில வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்தது. வெளி ரத்தம் கலந்தால் பிழைக்கும். ஆனால் கலந்துவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தக் கூட்டம், கலப்பில்லாமல் இருக்கும்வரைதான் அந்த மாற்றத்துக்குச் சாட்சி. அவளுடைய பேராசிரியர் கையை வைக்காதே என்றார். ஒரு இனம் எப்படி அழிகிறது என்பதைக் கூட இருந்து பார்க்கக் கிடைப்பதே பெரிய கொடுப்பினை, அதையே எழுது என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து வருட உழைப்பை அவள் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் சொன்னார்.

ஒரு வாரம் அவள் ஆவடிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது, வசந்தகுமாரி பொரியாத முட்டைகளை ஒரு கிண்ணத்தில் பஞ்சு வைத்து அடுக்கி, பகலில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சமைக்கும்போதும் கிண்ணம் முந்தானைக்குள்தான் இருந்தது. தாட்சாயிணி நேரே பஸ் ஏறி ஐயப்பன்தாங்கல் டெப்போவுக்குப் போனாள். அங்கே டீக்கடை பன் துணுக்குகளைத் தின்று கொழுத்த ஆண்குருவிகளில் மூன்றை, டிரைவர் வேம்புலியின் உதவியோடு பிடித்துக்கொண்டுவந்து பால்ராஜ் வீட்டில் விட்டாள். டெப்போ குருவிகள் இரண்டு நாள் உத்தரத்தை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்று இறங்கி, ஒரு பெண்குருவியின் பக்கத்தில் நடந்து பார்த்தது. அந்தப் பருவத்தில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளில் சில நடந்தன, சில பறந்தன. முதல் குஞ்சு சமையலறை ஜன்னல்வரை பறந்தபோது வசந்தகுமாரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாட்சாயிணி பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னாள். வேறு தலைப்பில், சாதாரணக் குருவிகளின் அலகு நீளத்தைப் பற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். அதைப் பற்றி ஆவடியில் வாயைத் திறக்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் பால்ராஜ் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சென்னீர்குப்பத்தில் வசந்தகுமாரியின் பங்குக்கு வந்த மனையில் கட்டிய வீட்டுக்குப் போகவேண்டும். சாமான்கள் மெட்டடோர் வண்டியில் போயின. குருவிகளைக் கூடையில் வைத்து மூடினால் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லாகிவிட்டன, திறந்தால் இறங்கி நடந்தன. சரி, நடக்கட்டும் என்று பால்ராஜ் சொன்னார். தை மாதத்து விடியலில் வசந்தகுமாரி நொய்ப்பையோடு முன்னால் நடந்தாள், குருவிகள் சாலையை அடைத்துக்கொண்டு பின்னால் வந்தன, பால்ராஜும் தாட்சாயிணியும் இரண்டு பக்கமும் வந்தார்கள். பருத்திப்பட்டு தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் வேம்புலி.

"இன்னா நைனா, ஊடு மாத்துறியா?"

"ஆமாய்யா. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்றார் பால்ராஜ்.

"நீ நெதானமா போ. நான் பின்னாலயே வந்துகினு கீறேன், எவனும் முந்த மாட்டான்."

அப்படியே பஸ் ஊர்ந்து வந்தது. பயணிகளில் பாதிப்பேர் இறங்கி நடந்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று முனகியவர்கள்கூட ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை. தாட்சாயிணி பச்சை வளையம் போட்டவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவை டெப்போ குருவிகளின் வாரிசுகள், பறக்கத் தெரிந்தவை. புளியமரங்களும் கம்பிகளும் வழி நெடுகத் திறந்து கிடந்தன. கூவம் பாலத்தருகே அவை எல்லாம் ஒரேயடியாக எழும்பின. போய்விட்டன என்று நினைத்தாள். போகட்டும், போகத்தானே இறக்கை என்றும் நினைத்தாள். அவை பாலத்தின் அந்தக் கோடிவரை பறந்து, கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தன. பிறகு பறந்துவந்து தரையில் இறங்கி, நடக்கிறவற்றோடு நடந்தன. சென்னீர்குப்பம் போய்ச் சேரும்வரை ஒன்றுகூட மறுபடி எழும்பவில்லை. வசந்தகுமாரி திரும்பிப் பார்க்காமலே நடந்துகொண்டிருந்தாள். தாட்சாயிணிதான் அவளை எட்டிப்பிடித்து அதைச் சொன்னாள். அவள் நொய்ப்பையைக் கை மாற்றிக்கொண்டு, தாட்சாயிணியின் விரல்களைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

இப்போது தாட்சாயிணி அம்பத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னீர்குப்பம் வருகிறாள். அங்கே ஒரே கூட்டில் பிறந்தவற்றில் ஒன்று பறக்கும், ஒன்று நடக்கும். மொட்டைமாடியில் நொய் வைத்தால், பறக்கிறது முதலில் போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து, கூடப்பிறந்தது படி ஏறி வந்து சேரும்வரை இரையைத் தொடாமல் காத்திருக்கும். துணி காயப்போட மாடிக்குப் போகிறவர்கள், வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, படியில் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விடுவார்கள்.