உருவ வேண்டிய பலகை

கான்கிரீட் லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் மேஸ்திரி கடையிலிருந்து வந்த கட்டைப் பிரித்தான். உள்ளே தார் அட்டை இருந்தது. அவன் கேட்டதோ நுரைப் பட்டை. கடைக்காரர் ஃபோனில் மூன்று முறை போட்ட ‘ஆமாம்’ எல்லாம் காற்றோடு போயிற்று. திரும்பக் கூப்பிட்டதற்கு, நுரைப் பட்டை நாளை மறுநாள்தான் வரும் என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்.

கார் வரும் பாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விரல் அகல இடைவெளி வேண்டும். வெயிலில் கான்கிரீட் விரியும். விரிய இடமில்லாவிட்டால் சுவரை நெட்டித் தள்ளும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டை. வேறு வீடாக இருந்தால் தார் அட்டையே தாராளம். இது அவனுடைய அக்கா வீடு. அக்கா சக்கர நாற்காலியில் போகிறவள். வெயிலில் இளகும் தார் சக்கரத்தில் ஒட்டும், சக்கரத்தைத் தள்ளும் அவள் கையிலும் ஒட்டும்.

போன தடவை இதே இடத்தில் மரப் பலகை வைத்தான். இரண்டு நாளில் உருவிவிட்டுப் பட்டை வைக்கிறேன் என்று போன மகராசன், வேலைக்கு மேல் வேலை என்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பலகை மழையில் மக்கிப் பள்ளம் விழுந்தது. நாற்காலியின் முன்சக்கரம் அதில் சிக்கி அக்கா குப்புற விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அதன்பின் அவள் தனியாக வாசலைத் தாண்டவில்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஒரு வருஷம் ஆயிற்று. பழையதைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று அக்காவின் கணவரான மாமாவிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் இன்றைக்கு வந்திருக்கிறான்.

லாரியின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் ஊற்றாவிட்டால் கலவை இறுகிவிடும் என்றார் டிரைவர். மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டிரைவரே வழியும் சொன்னார். “ஒரு பலகைய நிறுத்தி ஊத்திடுங்க. ரெண்டு நாள்ல உருவிட்டு பட்டைய வச்சுக்கலாம். எல்லாரும் செய்றதுதானே?”

செய்வதுதான். தொழிலில் தப்பே இல்லாத வழி. மாமாவும் தலையாட்டினார். மேஸ்திரியின் வாய் வரைக்கும் ‘சரி’ வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் ஃபோனோடு. அதே பலகை, அதே இரண்டு நாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை மறுபடியும் சொல்வது?

“வேணாம். லாரிய எடுத்துட்டுப் போங்க,” என்றான்.

வீம்பு பிடிக்காதே என்று மாமா கடிந்துகொண்டார். அவன் அசையவில்லை. டிரைவர் ஏதோ முணுமுணுத்தபடி ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஜன்னல் திறந்தது.

“பலகைய வச்சே ஊத்துடா,” என்றாள் அக்கா.

அவன் ஜன்னல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். “இல்லக்கா... என்னை நம்பி மறுபடியும்...”

“உன்னை யாரு நம்புனா?” அவள் குரலில் இளக்கமே இல்லை. “மாடி ரூம்ல உனக்குப் படுக்கை போடச் சொல்லிட்டேன். பலகைய உருவி, பட்டைய வச்சு, நான் அது மேல ஓட்டிப் பாக்குற வரைக்கும் இங்கதான் சாப்பாடு, இங்கதான் தூக்கம். உன் பொண்டாட்டிக்கு இப்பதான் ஃபோன் பண்ணினேன். தாராளமா வச்சுக்கங்க அண்ணின்னுட்டா.”