கோணல் மூலை

கடல் வந்து போன மறுநாள், கல்முனைக்குடியில் வீடு எது, வளவு எது என்று தெரியாமல் எல்லாம் மணலாய்க் கிடந்தது. இறக்காமத்துக்கு வேலைக்குப் போயிருந்ததால் தப்பிய மேசன் மீராமுகைதீனுக்குத் தன் வீட்டில் மிஞ்சியது ஓர் அத்திவார மூலைதான். அதிலிருந்து முன்சுவரின் அடி கொஞ்சம் தெரிந்தது. பக்கச் சுவர் போன வழி மணலுக்கடியில். அந்த வழியின் கோடியில்தான் தொழுகை அறை. அலை வரும்போது அவன் மனைவி நஸீறா அங்கே முற்பகல் ளுஹா தொழுதுகொண்டு நின்றாள் என்று, தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பிய அவள் தங்கை ஸுல்பிகா சொன்னாள்.

பின்னேரம் மண்ணள்ளும் பெக்கோ இயந்திரம் வருகிறதாம். வந்தால் கல்லும் மையித்து உடல்களும் ஒன்றாய் அள்ளப்பட்டுப் பெருங்குழிக்குப் போகும். குளிப்பாட்டாமல், கபன் துணி சுற்றாமல் நஸீறாவைப் போகவிட அவன் தயாரில்லை.

செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்தான். அதன் ஒரு கையை முன்சுவரோடு ஒட்டி வைத்து, மற்றக் கை காட்டிய பக்கம் நூல் பிடித்து, கோடியில் தோண்டினான். மணல். இன்னும் தோண்டினான். மணலும் உப்புத் தண்ணீரும். நகம் பிய்ந்தது. பள்ளிவாசல் பக்கம் பெக்கோவின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.

"மச்சான், அக்காவக் கடல் கொண்டு போயிட்டோ?" என்றாள் ஸுல்பிகா.

 மட்டம் பொய் சொல்லாது என்று காலமெல்லாம் நம்பிய மனிசன் அதைத் தூக்கி எறிந்தான். எறிந்த பிறகுதான் பொறி தட்டியது.

அது நஸீறாவின் சீதன வீடு. தொழுகை அறை மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்க்க வேண்டுமென்று மாமனார் பக்கச் சுவரையே சாய்த்துக் கட்டியிருந்தார். மாப்பிள்ளையாய் வந்த நாள் தொட்டு அந்தக் கோணல் மேசனின் கண்ணை உறுத்தியது. போன நோன்புக்கு முன், அவள் தடுக்கத் தடுக்க, உள்ளே செங்கல் வைத்துப் பூசி மூலையை நேராகக் காட்டிவிட்டான். கூப்பிட்டுப் பெருமையடித்தபோது நஸீறா சிரித்தாள்.

"பூசினா மூலை நேராகுமா? அத்திவாரம் கிப்லாவத்தானே பாக்குது."

மூலையில் விரலளவு பிசகினால் கோடியில் ஆளளவு பிசகும் என்று கூலியாட்களை ஏசுகிறவன், தன் பூச்சைத் தானே நம்பி ஏமாந்திருந்தான். மூலைக்கு ஓடி, வெறுங்கையால் மணலை வழித்தான். அத்திவாரக் கல்வரிசை நூலை விட்டு விலகிச் சாய்ந்து போனது. அதன் போக்கிலேயே நூலை இழுத்துக் கட்டி, கோடியில் தோண்டினான். இடிந்த சுவருக்கடியில் வெள்ளைத் தொழுகைச் சட்டையின் ஓரம் தெரிந்தது.

வேலியடியில் பெக்கோக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். மீராமுகைதீன் கல்லைப் புரட்டி, அவள் முகத்து மணலைத் துடைத்தான்.

"நீ சொன்னது சரிதான் புள்ள. மூலை நேரில்ல."

குளிப்பாட்டத் தண்ணீர் தேடி ஸுல்பிகா ஓடினாள். ஊர்க் கிணறெல்லாம் உப்பாய்க் கிடந்தது.